பத்துக் குப்பி மருந்தும் ஒரு கண்ணாடிக் குழாயும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் வருகிறது வடநெம்மேலி. முதலைப் பண்ணைக்கு வருகிறவர்கள் அதே வளாகத்தில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அங்கே வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும், பானைக்குள் பாம்பு. சங்கத்துக்காரர் ஒருவர் கம்பியால் அதை வெளியே எடுத்து, தலையைப் பிடித்து, வாய்ப்புறம் மூடிய கண்ணாடிக் குவளையின் மேல் கடிக்க விடுவார். குவளையின் உள்ளே சில சொட்டுகள் வழிந்து இறங்கும். பார்க்க வந்தவர்களுக்குக் காட்சி அவ்வளவுதான். ஒரு பாம்பு மூன்று, நான்கு வாரம் அங்கே இருக்கும்; வாரத்துக்கு ஒருமுறை நஞ்சு எடுப்பார்கள்; பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாகி மருந்து நிறுவனங்களுக்குப் போகும். அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டு, குப்பிகளில் அடைபட்டு நாடெங்கும் போகிறது. இந்தியாவில் விஷமுறிவு மருந்து தயாரிக்கப் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதியை 1978-ல் தொடங்கிய இந்தச் சங்கம்தான் கொடுத்துவருகிறது.

பீகாரில் நாகம் தீண்டிய குழந்தையும், ஒடிசாவில் விரியன் கடித்த விவசாயியும் பிழைத்தால் அதில் இந்தக் கடற்கரையின் பங்கு இருக்கிறது. பெருமைப்படலாம், தவறில்லை. ஆனால் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் செய்யூர், சூணாம்பேடு, அச்சிறுப்பாக்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரவு ஒன்பது மணிக்குக் கடிபட்டவருக்கு அந்த மருந்து எத்தனை மணிக்கு உடம்பில் ஏறுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. மருந்து இருந்தும் போடத் தயங்கி, பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிடும் வழக்கம் இந்தியா முழுவதும் மருத்துவர்களே ஒப்புக்கொள்ளும் குறை. அது மாற வேண்டும். விஷம் ஏறிய அறிகுறி தெரிந்துவிட்டால் முதல் டோஸை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கிவிட வேண்டும்; மேல்சிகிச்சைக்கு அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கணக்கில் எண்ணிக்கையைவிட முக்கியமான ஒரு செய்தி உண்டு. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தில், தங்கள் வீட்டிலேயே இறந்திருக்கிறார்கள். அவர்கள் மருத்துவமனைக் கட்டிலையே எட்டவில்லை. அதனால் மருத்துவமனைப் பதிவேடுகளில் அவர்கள் பெயர் இல்லை. பதிவேட்டில் இல்லாதவர்களுக்கு எந்தத் திட்டமும் தீட்டப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமே 2017-ல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சாவுகளில் 70 சதவீதம் நிகழும் எட்டு மாநிலங்களில் தமிழ்நாடு இல்லை என்பதும் உண்மை. இங்கே சாலை உண்டு, 108 உண்டு, கூப்பிடு தூரத்தில் இல்லாவிட்டாலும் எட்டும் தூரத்தில் சுகாதார நிலையம் உண்டு. இவ்வளவு இருந்தும் ஒருவர் சாகிறார் என்றால், அதற்குக் காரணத்தை வேறெங்கும் தேட முடியாது. இந்த மூன்றுக்கும் நடுவில் கழிந்த நேரத்தில்தான் தேட வேண்டும்.

நேரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மருந்து வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் போதும். விஷமுறிவு மருந்து ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நஞ்சைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும். நஞ்சு ஏற்கெனவே செய்துவிட்ட சேதத்தைச் சரிசெய்யாது. கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தத்தின் உறையும் தன்மையை அழித்து, பிறகு சிறுநீரகத்தைத் தாக்கும். சிறுநீரகம் கெட்ட பிறகு எத்தனை குப்பி போட்டாலும் டயாலிசிஸ்தான் கதி. கட்டுவிரியனின் நஞ்சு நரம்பின் நுனிக்குள் போய்விட்டால் மருந்தால் அதை அங்கிருந்து மீட்க முடியாது. மூச்சுத் தசை தானாகத் தேறும்வரை இயந்திரம் மூச்சுவிட வேண்டும். இந்தியக் குப்பி ஒன்றில் இருக்கும் பொடியை 10 மில்லி நீரில் கரைக்கிறார்கள். ஒவ்வொரு மில்லியும் கண்ணாடி விரியன் நஞ்சில் 0.6 மில்லிகிராமை முறிக்கும். ஒரு கடியில் அந்தப் பாம்பு செலுத்தும் நஞ்சு சராசரியாக 60 மில்லிகிராமை ஒட்டி இருக்கிறது. அதனால்தான் முதல் டோஸ் பத்துக் குப்பி. குழந்தைக்கும் அதே பத்துதான். ஆள் சிறியவர் என்று பாம்பு நஞ்சைக் குறைத்துக்கொள்வதில்லை. மருந்துச் சீட்டில் வயதுக்கும் எடைக்கும் ஏற்பக் குறைத்தே எழுதிப் பழகிய கைகளுக்கு இந்த ஒரு விஷயம் கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

இனி அந்த இரவு. வேர்க்கடலைக் கொல்லைக்குத் தண்ணீர் கட்டப் போன ஒருவர் வரப்பில் கால் வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடிபட்டதும் துண்டைக் கிழித்துக் கெண்டைக்காலில் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திக் காலைக் கெடுக்கும். மருத்துவமனையில் சட்டென அவிழ்த்தால் தேங்கிய நஞ்சு மொத்தமாக மேலேறும். பிளேடால் கீறுவது இன்னும் மோசம். உறையாத ரத்தம் நிற்காமல் ஒழுகும். பிறகு பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக்கொள்வதில் கால் மணி நேரம், பச்சிலைக்காரர் வீட்டில் ஒரு மணி நேரம். கடைசியில் சுகாதார நிலையத்துக்கு வந்தால், ‘இங்கே பார்க்க முடியாது, செங்கல்பட்டு கொண்டுபோங்கள்’ என்ற பதில். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நல்ல மருத்துவமனைதான். ஆனால் மாவட்டத்தின் தென்கோடியிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்து, அவசரப் பிரிவில் பதிந்து, ஊசி ஏறும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். வழியில் கழியும் அந்த நேரம் முழுக்க நஞ்சுக்குத்தான் சாதகம்.

விஷம் ஏறியிருக்கிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாமா என்று கேட்கலாம். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்ததைக் கண்டுபிடிக்க ஒரு கண்ணாடிக் குழாயும் சுவர்க் கடிகாரமும் போதும். நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆடாமல் அசையாமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் ரத்தம் உறைகிறது; தண்ணீர்போல் வழிந்தால் நஞ்சு வேலையைத் தொடங்கிவிட்டது, மருந்து போட்டாக வேண்டும். குழாய் கண்ணாடியாக இருக்க வேண்டும் என்பதுதான் இதில் கண்டிப்பு. ரத்தத்தை உறையத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்பு. பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடிக் குழாயும் அப்படியே. மருந்தை முறையாக வாங்கி வைத்துவிட்டு இந்தக் குழாயை மறந்துவிட்டால் மருத்துவர் இருட்டில் தடவ வேண்டியதுதான். நாகமும் கட்டுவிரியனும் கடித்தால் இந்தச் சோதனைகூடத் தேவையில்லை. இமை தொங்கும், பார்வை இரண்டாகத் தெரியும், பேச்சு குழறும். ஆளை உட்காரவைத்து மேலே பார்க்கச் சொன்னால் போதும்.

மருத்துவர்கள் சொல்லும் முதல் மறுப்பை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். விஷமுறிவு மருந்து குதிரைப் புரதம். சிலருக்கு ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், சின்ன நிலையத்தில் தனியாக இருக்கும் மருத்துவர் என்ன செய்வார் என்பது அவர்கள் கேள்வி. பயம் நியாயமானது. ஆனால் அந்த ஒவ்வாமைக்கான மருந்து அட்ரினலின். விலை மலிவு, எல்லா நிலையங்களிலும் இருக்க வேண்டியது, தொடைத் தசையில் அரை மில்லிகிராம் ஊசியாகப் போடுவது. இந்திய மருந்தையே இறக்குமதி செய்து பயன்படுத்தும் இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாம்புக்கடி நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. விஷமுறிவு மருந்துக்கு முன்பே சிறிதளவு அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டபோது, முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. ஒவ்வாமை வரும், வந்தால் எதிர்கொள்ளவும் வழி தெரியும். ஆம்புலன்ஸில் மருந்தில்லாமல் போகும் நோயாளிக்கு நடப்பதை எதிர்கொள்ள அந்த ஆம்புலன்ஸில் எந்த வழியும் இல்லை. இரண்டில் எது பெரிய ஆபத்து என்று எடை போட்டுப் பார்த்தால், ஊசி போடாமல் அனுப்புவதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. அந்தப் பாதுகாப்பு நிலையத்துக்குத்தான், நோயாளிக்கு இல்லை. மருந்து போட்ட பிறகு ஏதாவது ஆகிவிட்டால் உறவினர்கள் கைநீட்டுவார்கள் என்ற அச்சமும் இதில் கலந்திருக்கிறது. அதை மருத்துவரின் தலையில் மட்டும் கட்ட முடியாது. வழிகாட்டு நெறிப்படி ஊசி போட்டவருக்கு மேலதிகாரிகள் துணை நிற்பார்கள் என்ற நம்பிக்கையைத் துறை கொடுக்க வேண்டும்.

கட்டுவிரியன் கடிக்கு வென்டிலேட்டர் வேண்டும், அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லை என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். இந்தப் பாம்பு இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி தெரியாது, பல் பட்ட இடம்கூடத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, சிறிது நேரத்தில் இமை தூக்க முடியாமல் போகும்போதுதான் வீட்டார் விழித்துக்கொள்வார்கள். இவர்களைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆனால் முதல் டோஸை ஓடவிட்டு, மூச்சு தளர்ந்தால் கையால் அழுத்தும் ஆம்பு பையோடு பயிற்சி பெற்ற ஒருவரை உடன் ஏற்றி அனுப்புவது ஒன்று; வெறுங்கையோடு அனுப்புவது வேறு. தரையில் படுப்பவர்கள் கொசுவலையை விரிப்புக்கடியில் சுற்றிலும் செருகிக்கொண்டால் இந்தக் கடியை வெகுவாகத் தவிர்க்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். டெங்குவுக்குக் கொடுக்கும் அறிவுரையில் இன்னொரு வரி சேர்த்தால் முடிந்தது.

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் ஆழமானது. இந்த மருந்து எல்லா ஊர்ப் பாம்புக்கும் ஒரேபோல் வேலை செய்யுமா? செய்யாது. பிரெஞ்சுக்காரரான கால்மெத் 1890-களில் நாகத்தின் நஞ்சிலிருந்து முதல் சீரம் செய்து, எல்லாப் பாம்புக்கும் அது போதும் என்று நம்பினார். பிரேசிலில் வித்தால் பிரசில் என்ற மருத்துவர் தன் நாட்டுப் பாம்புகளிடம் அது செல்லாது என்று காட்டினார். ஒரே இனத்திலேயே ஊருக்கு ஊர் நஞ்சின் சேர்மானம் மாறும் என்பது இன்று தெளிவாகிவிட்டது. ராஜஸ்தானத்துப் பாம்புக்கும் அசாமியப் பாம்புக்கும் வடநெம்மேலி நஞ்சிலிருந்து செய்த மருந்து குறைபடுகிறது என்றும், வட்டாரத்துக்கு வட்டாரம் நஞ்சு சேகரிக்க வேண்டும் என்றும் அறிவியலாளர்கள் வாதிடுவது சரி. மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு இந்த மருந்தே இல்லை. ஆனால் இந்த வாதத்தை அப்படியே திருப்பிப் போட்டுப் பாருங்கள். சங்கம் பாம்பு பிடிப்பது சென்னையைச் சுற்றியுள்ள இந்த வட்டாரத்தில். அப்படியானால் இந்தியாவிலேயே அந்த மருந்து நன்றாகப் பொருந்த வேண்டிய இடம் செங்கல்பட்டும் அதன் அக்கம்பக்கமும்தான். சுருட்டை, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், நல்ல பாம்பு என்று இங்கே அதிகம் கடிக்கும் நான்கும் மருந்துக்கு நஞ்சு தரும் அதே நான்கு. மற்ற மாவட்டம் சொல்லக்கூடிய சமாதானத்தை இந்த மாவட்டம் சொல்ல முடியாது.

பச்சிலையிலும் மந்திரத்திலும் பிழைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்களே என்பார்கள். இருக்கிறார்கள். தீண்டும் பாம்புகளில் பல விஷமற்றவை. விஷப் பாம்பும் பல நேரம் நஞ்சை இறக்காமல் வெறுமனே கடித்துவிட்டுப் போகும். அப்படிக் கடிபட்டவர் மந்திரம் போட்டாலும் பிழைப்பார், போடாவிட்டாலும் பிழைப்பார். அந்தப் பிழைப்பு வைத்தியரின் கணக்கில் வரவாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையில் பாம்புகளை ஆராய்ந்த பாட்ரிக் ரஸ்ஸல், பாஷாணம் கலந்த தஞ்சாவூர் மாத்திரை என்ற புகழ்பெற்ற பாம்புக்கடி மருந்தையும் எடுத்து ஆராய்ந்தார். அவர் பெயரைத்தான் கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயர் இன்றும் சுமக்கிறது. அந்த மாத்திரை இன்று புத்தகத்தில் மட்டும் இருக்கிறது. விரியன் வரப்பில் இருக்கிறது. பாம்பிடம் நமக்குள்ள பயபக்தி பழையது, அதைக் கேலி செய்ய ஒன்றுமில்லை. மாமல்லபுரத்துப் பெரும்பாறையின் நடுப்பிளவில் நாகராசனும் நாகினிகளும் கைகூப்பி மேலேறும் சிற்பம் ஏழாம் நூற்றாண்டிலிருந்து நிற்கிறது; மேலே தொட்டியில் தண்ணீர் தேக்கி அந்தப் பிளவு வழியே விட்ட தடயமும் உண்டு. புற்றுக்குப் பால் ஊற்றுகிறவர்கள் ஊற்றட்டும். கடிபட்டவரைப் புற்றடியில் உட்காரவைக்க வேண்டாம் என்பது மட்டும்தான் கோரிக்கை.

இருளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1972-ன் வனவிலங்குச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோலை நம்பிய அவர்கள் பிழைப்பைப் பறித்தன. தோலுக்காகக் கொன்ற அதே பாம்பை உயிரோடு பிடித்து விடுவதே பிழைப்பாக மாறியது ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் உள்ளிட்டோர் துணையோடு உருவான இந்தச் சங்கத்தால். அதைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-ல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் விழுந்த தடத்தையும் உரித்த சட்டையையும் பார்த்து எந்தப் பாம்பு, எந்த வளை என்று சொல்லும் இந்த அறிவு, மாவட்டத்தின் சுகாதாரத் துறைக்கு இன்னும் வேடிக்கைப் பொருளாகவே இருக்கிறது. அறுவடைக்கு முன்னால் ஊர் ஊராகப் போய், எங்கே கை வைக்கக் கூடாது, விறகுக் கட்டை எப்படிப் புரட்ட வேண்டும், எந்தப் பாம்பு எந்த நேரத்தில் வெளியே வரும் என்று சொல்லிக்கொடுக்கச் சம்பளம் கொடுத்து அவர்களை அமர்த்தலாம். சாதிச் சான்றிதழுக்கும் மனைப் பட்டாவுக்கும் அலையும் இருளர் குடும்பங்கள் இன்னும் எத்தனையோ இருக்கும்போது, விருதைக் காட்டி மட்டும் கடன் தீர்ந்ததாக நினைக்க முடியாது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. பாம்புக்கடிச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. அரசு மருத்துவமனையோ தனியாரோ, கடியையும் சாவையும் தெரிவித்தாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இருப்பதாகவும் அரசு சொல்லிவருகிறது. நல்லது. ஆனால் அறிவிக்கும் படிவத்தில் இன்னும் மூன்று கட்டம் வேண்டும்: கடித்தது எத்தனை மணிக்கு, முதல் குப்பி ஏறியது எத்தனை மணிக்கு, எந்த நிலையத்தில். இந்த இடைவெளியை ஒன்றியவாரியாக வெளியிட்டாலே எந்தச் சாலையில், எந்த நிலையத்தில் நேரம் கசிகிறது என்று தெரிந்துவிடும். இரவில் செவிலியர் மட்டும் இருக்கும் நிலையங்களில், தொலைபேசியில் செங்கல்பட்டு மருத்துவர் சொல்லச் சொல்ல முதல் டோஸைத் தொடங்க அவர்களுக்கு அனுமதியும் பயிற்சியும் வேண்டும். பிரசவம் பார்க்கத் தெரிந்த கைகளுக்கு டிரிப்ஸ் போட்டு அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொள்வது பெரிய காரியமில்லை.

வாசகருக்குக் கடைசியாக ஒன்று. கடிபட்டால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், பாம்பைத் தேடாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த காலுக்குப் போடுவதுபோல் மட்டையை வைத்துத் தளர்வாகக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை இந்தக் கரையில் இறங்கி வளைகளில் தண்ணீர் புகுவது அக்டோபரில். அக்டோபர் 2 அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். அங்கே எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள்: நம் சுகாதார நிலையத்தில் காலாவதியாகாத குப்பி பத்தாவது இருக்கிறதா? கண்ணாடிக் குழாய் இருக்கிறதா? இரவு பத்து மணிக்குப் போனால் ஊசி போட யார் இருப்பார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.